ஐந்து ஆள், ஐந்து நாற்காலி

நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லை. டயர்த் தடம் இருந்தது. நாங்கள் உரித்துப் போட்ட முட்டை ஓடு இருந்தது. எங்கள் ஆட்கள் ஒருத்தரும் இல்லை. வெயிலுக்குப் பயந்து வண்டியைத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துத் தார்ச்சாலை வரைக்கும் ஏறிப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு நாய் படுத்திருந்தது. வலப்பக்கம் அதுவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில், பூப்போட்ட அரை டவுசரும் நனைந்த பனியனுமாக, தலையில் வெள்ளை நாற்காலியோடு நடுச்சாலையில் நிற்கிறவனைப் பார்த்து அந்த நாய்க்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். குரைக்கக்கூட இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது நாற்காலி, மேசை, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடையில். கல்யாணமோ கூட்டமோ சாவோ, எங்கே நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமோ அங்கே முதல் நாளே போய் இறக்கிப் போடுவோம். மறுநாள் போய் ஏற்றி வருவோம். நடுவில் என்ன நடந்தது, யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஆள் வருவதற்கு முன்னால் போய், ஆள் போன பிறகு போகிற பிழைப்பு. இருபத்து மூன்று வருஷமாக ஊரில் இருக்கிற அத்தனை மண்டபத்துக்கும் போயிருக்கிறேன். எதிலும் உட்கார்ந்ததில்லை.

ஏற்றி இறக்க ஐந்து பேர். எண்ணுவதற்கு மேஸ்திரி. ஓட்டுவதற்கு டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனதால் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கியவன் ஒருத்தன். அவனுக்குக் குழந்தை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டது, பெயர் மட்டும் அவனை விடவில்லை. அப்புறம் ஏணி. ஆள் நல்ல உயரம், அதனால் ஏணி. பெரிய மேசைகளை அவனும் நானும்தான் தூக்குவோம். ஒரு முனையில் அவன், மறு முனையில் நான், முகத்துக்கு முகம் பார்த்தபடி. ஒன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிவிடலாம். தூக்கு, இறக்கு, பார்த்து, படி, வளைவு. ஐந்தாவது ஆள் நான். வயதில் மூத்தவன் என்று எல்லாருக்கும் அண்ணன். மேஸ்திரி என்னைவிட மூன்று மாதம் மூத்தவர், அவரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் தொழிலில் எண்ணிக்கைதான் முக்கியம். முந்நூறு நாற்காலி போனால் முந்நூறு திரும்ப வரவேண்டும். பெரிய விசேஷம் என்றால் இரண்டு மூன்று கடை நாற்காலிகள் ஒன்றாகக் கலந்துவிடும். எல்லாம் ஒரே வெள்ளை பிளாஸ்டிக்தான். எங்கள் கடை நாற்காலிக்கு அடியில் பச்சைப் பெயிண்டில் ஒரு கோடு உண்டு. ஆனால் முந்நூறையும் திருப்பிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மேஸ்திரி விரலை நீட்டி நீட்டி எண்ணுவார். கணக்கு நேரானால், "எண்ணிக்கை சரி, எடுங்கப்பா வண்டியை" என்பார். எங்கள் நாற்காலி பத்து வேறு கடைக்குப் போயிருக்கும், அவர்கள் பத்து எங்களுக்கு வந்திருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை என்று விட்டுவிடுவோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை, விசேஷம் இல்லாத மாதத்தில், இவர்கள் எங்காவது போய் வருவார்கள். என்னைக் கூப்பிட்டதில்லை. அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். பிடிக்கும் என்று நான் எப்படிப் போய்ச் சொல்வது? இந்த வருஷம், வழக்கமாகப் போகிற எலெக்ட்ரீஷியன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டே ஏணி கேட்டான். "அண்ணே, கடலுக்குப் போறோம். வண்டியில ஒரு இடம் இருக்கு. வர்றீங்களா?" நானும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "பார்க்கலாம்பா" என்றேன். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அரை டவுசர் வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அப்படி ஒன்றைப் போட்டதே இல்லை. வீட்டில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கால் இரண்டும் வேறு யாருடையதோ போல வெளுத்துக் கிடந்தன.

வீடு என்றால் ஒரு பூட்டுக் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான். மனைவி பையன் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் என்று போனாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்தால் சமாதானமாவது செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பேன், நீ சாப்பிட்டாயா என்பேன். பேரன் வந்து தாத்தா என்று கத்திவிட்டு ஓடிவிடுவான். அந்த அறையில் ராத்திரி சோற்றை ஆக்கி இறக்கும்போது, தட்டு ஒன்றை மட்டும் எடுக்கும் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் தட்டை எடுக்காமல் பாத்திரத்திலேயே சாப்பிடப் பழகிவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. இந்த ஒரு நாள் நல்லபடியாகக் கழிந்துவிட்டால், அடுத்த வருஷம் வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே என்னையும் சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. முதல் நாளே இருபத்தைந்து முட்டை வேகவைத்தேன், ஆளுக்கு ஐந்து. மீசையை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அதற்கும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பார்த்தால் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

விடியற்காலையில் கடை வண்டியில் கிளம்பினோம். பின்னால் நாலு பக்கமும் மூடிய வண்டி. கதவைச் சாத்தினால் உள்ளே முகம் தெரியாது. மணலில் உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளுமாம், அதனால் முதலாளியிடம் கேட்டு ஐந்து நாற்காலியும் எடுத்துக்கொண்டோம். "அஞ்சு போகுது, அஞ்சு வரணும்" என்று அவர் சொன்னார். போன் நனையக்கூடாது என்று ஐந்தையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு மாப்பிள்ளை வண்டிக்குள் பத்திரப்படுத்தினான். என் டவுசரைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிண்டல் செய்கிறார்களே என்று வருத்தப்படவில்லை. என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று சந்தோஷமாகவே இருந்தது.

போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி பழக்க தோஷத்தில் ஐந்து நாற்காலியையும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரே வரிசையாக, சரியான இடைவெளி விட்டுப் போட்டார். ஒன்று அரை அடி விலகியிருந்தது. எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு கடலையே பார்த்தோம். எங்களில் யாருக்கும் நீந்தத் தெரியாது. பேச்சாளர் வராத கூட்டம் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். "பெருசாத்தான் இருக்கு" என்றான் ஏணி. "ஆமா" என்றேன். வண்டி நிழலுக்குப் போய் முட்டையைத் தின்றோம். அப்புறம் மேட்டில் கிடந்த உடைந்த படகைப் பார்க்கலாம் என்று எல்லாரும் எழுந்து போனோம். படகைப் பற்றி டிரைவர் ஏதோ அளந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஐயோ, நாற்காலி!" என்று அலறினான்.

தண்ணீர் ஏறி வந்து ஐந்தையும் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடியது. "போகுது, போகுது, புடி!" என்று நாங்கள் கத்தியதைக் கேட்டுக் கடற்கரைக் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு, ரப்பர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பறந்து வந்தான்.

"எத்தனை பேரு?" என்றான்.

"அஞ்சு!" என்றார் மேஸ்திரி.

"பெரியவங்களா, சின்னவங்களா?"

"எல்லாம் கை வெச்சது!"

விஷயம் தெரிந்ததும் அவன் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவன் திட்டத் திட்ட, முட்டியளவு தண்ணீரில் விழுந்து எழுந்து நாலு நாற்காலியை மடக்கிப் பிடித்துவிட்டோம். ஐந்தாவது மட்டும் கைக்கு எட்டாமல் கரையோரமாகவே மிதந்து தெற்கே போனது. "நான் கொண்டாறேன்!" என்று கத்திவிட்டு அதன் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது யாரோ கையை ஆட்டினார்கள். போ என்கிறார்களா, வா என்கிறார்களா, தெரியவில்லை. காவலாளியின் கையாகக்கூட இருக்கலாம்.

அரை மணி நேரம் நாற்காலியோடு நடந்தேன். அது தண்ணீரில், நான் மணலில். நான் நின்றால் அதுவும் கொஞ்சம் தயங்கும். "எங்கடி போறே, நில்லு" என்று அதனிடம் பேசிக்கொண்டே போனேன். மனசுக்குள் எவ்வளவு குஷி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இதைப் பிடித்துக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் வைத்தால் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொருத்தர் குரலிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கல் போட்டு மேடாக்கிய இடத்தில் அது முட்டி நின்றது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலைப் பிடித்து இழுத்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினேன்.

மிச்சம்தான் தெரியுமே. வண்டி இல்லை.

கடற்கரையில் குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்புப் போக நல்ல தண்ணீரில் குளிக்க, தகரம் அடித்த மூன்று அறைகள் சாலைக்குக் கீழே, வண்டி நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்கிற பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் தலைக்கு மேலே கொடியில் விற்பனைக்கு அரை டவுசர்கள் தொங்கின. ஏழு. ஏழும் நான் போட்டிருந்த அதே பூ. என் தலையில் இருந்த நாற்காலியைப் பார்த்ததும் அவள் பாய்ந்து வந்தாள்.

"குடுங்க இப்படி! என் நாற்காலியை எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"

"இது எங்க நாற்காலிம்மா. அடியில பாருங்க, பச்சைக் கோடு."

திருப்பிப் பார்த்தாள். கோடு இருந்தது. "அப்ப என்னுது எங்க? மோட்டார் போட்டுட்டு வர்றதுக்குள்ள காணோம். இங்கதான் ஒரு வண்டி நின்னுச்சு. அந்தக் காவலாளி சத்தம் போட்டான்னு அவசர அவசரமா ஏத்துனாங்க."

"ஒருத்தர் எண்ணுனாரா?"

"ஆமா. மோட்டார்கிட்ட இருந்து பார்த்தேன், விரலை நீட்டி நீட்டி ரெண்டு தடவை எண்ணுனாரு. நாற்காலியையும் எண்ணுனாரு, ஆளையும் எண்ணுனாரு. எண்ணிக்கை சரின்னு கதவைச் சாத்துனாங்க. போயி கால் மணி நேரம் ஆச்சு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நாற்காலி ஐந்து, அது சரி, இந்தப் பெண்ணுடையதைச் சேர்த்து எண்ணியிருக்கிறார். ஆள் எப்படி ஐந்து? மேஸ்திரி எண்ணினால் தப்பாது. ஆயிரத்தில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் இரண்டு தடவை எண்ணி ஐந்து என்றால், ஐந்துதான். எப்படிக் கூட்டினாலும் நான் இல்லாமல் நாலுதான் வரவேண்டும். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, நான் மட்டும் இங்கே நிற்கிறேன்.

அவளிடம் போன் கேட்டேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். வாங்கிய பிறகுதான் யாருடைய எண்ணும் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. மனைவி போன வருஷம் எண் மாற்றினாள். போனில் இருக்கிறது, மனசில் இல்லை. கடை எண் தெரியும், கடைக்கு இன்று விடுமுறை. மனப்பாடமாகத் தெரிந்தது என் எண் ஒன்றுதான். அது வண்டியில், பாலித்தீன் பைக்குள் இருக்கிறது. அதையே அழுத்தினேன். நாலு தடவை அடித்தது.

"ஹலோ, யாருங்க?" ஏணியின் குரல். ஆயிரம் பேரில் அடையாளம் சொல்லிவிடுவேன்.

போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் கொழுப்பும் வந்தது. கொஞ்சம் விளையாடலாம் என்று, "அண்ணன் இருக்காருங்களா?" என்றேன். ஒரு வார்த்தையில் குரலைக் கண்டுபிடித்து, அண்ணே, எங்கே இருக்கீங்க என்று அவன் அலறப்போவதை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"இருக்காருங்க. தூங்கறாரு. என்ன விஷயம்?"

"எங்க தூங்கறாரு?"

"இங்க, வண்டியிலதான். பின்னாடி மூலையில துண்டைத் தலையோட போத்திக்கிட்டுத் தூங்கறாரு. கடலுக்கு வந்தோம், மனுசன் நாற்காலி பின்னாடி ஓடி ஓடிக் களைச்சுப் போயிட்டாரு."

என் குரல் அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் எதிர்முனையில் நின்றவன். ஆனால் அவனைச் சொல்லி என்ன, படி, வளைவு, பார்த்து என்பதைத் தவிர என் வாயிலிருந்து அவன் எதைக் கேட்டிருக்கிறான்?

"கொஞ்சம் எழுப்ப முடியுங்களா?"

"ஐயோ, வேண்டாங்க." குரலைத் தணித்துக்கொண்டான். "எழுப்ப மனசு வரல. அவரு எங்கயும் வரவே மாட்டாரு. இந்த வருஷம்தான் வந்தாரு. எல்லாருக்கும் முட்டை வேகவெச்சுக் கொண்டாந்தாரு. காலையில இருந்து சின்னப்புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. தூங்கட்டும். நீங்க யாருன்னு சொல்லுங்க, எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்."

அவனுக்குப் பின்னால் மேஸ்திரி, "மெதுவா பேசுடா, அண்ணன் முழிச்சுக்கப் போறாரு" என்றது கேட்டது. மாப்பிள்ளை ஏதோ சொன்னான். "அவரு மேல என் துண்டையும் போத்திவிட்டேன்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

நான்தாண்டா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அங்கே அந்த வண்டிக்குள் நான் நன்றாக இருந்தேன். மூலையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தன் துண்டு போர்த்தியிருக்கிறான். என் தூக்கம் கலையக்கூடாது என்று மேஸ்திரி, ஆயிரம் பேர் கூட்டத்தில் கத்தி வேலை வாங்குகிற மனிதர், ரகசியமாகப் பேசுகிறார். என் அறையில் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தபோதுகூட என் தூக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. யாரோ முகம் தெரியாத ஒருத்தனுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அது எனக்கென்று கொடுத்தது. அதை நானே தட்டிவிட வேண்டுமா?

"அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டேன். பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. முகத்தில் கடல் தண்ணீர் இருந்ததால் தப்பித்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

"நான் தூங்கறேனாம்."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னங்க மனுசன் நீங்க? நான் இங்க இருக்கேன்யான்னு சொல்ல வேண்டியதுதானே?"

எங்கள் கடை நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டேன். உட்காரவில்லை. "உங்களுக்கு வேணா விட்டுப்போனது சரியா இருக்கலாம். எனக்கு என் நாற்காலி வேணும்" என்று போனைப் பிடுங்கி, அதே எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"யாரு, நாற்காலி தூக்கிட்டுப் போனவங்களா? எந்த நாற்காலியா? நான் உக்கார்ற நாற்காலி! என்ன, அஞ்சும் சரியா இருக்கா? இருக்கும்யா, அதுல ஒண்ணு என்னுது. திருப்பி அடியில பாரு, பச்சைக் கோடு இருக்கான்னு." போனைக் கொஞ்சம் விலக்கி என்னிடம் சொன்னாள். "வண்டியை ஓரமா நிறுத்தறாங்களாம்."

காத்திருந்தோம். தகர அறையின் குழாய் சரியாக மூடாமல் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாலுலதான் கோடு இருக்காம்," என்றாள். "உங்க அஞ்சாவதா? இங்க கெடக்குது. எப்படி வந்துச்சா? ஒருத்தரு தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாரு. ஹலோ? ஹலோ?" என்னைப் பார்த்தாள். "ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?"

எனக்குத் தெரியும். மேஸ்திரி மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருப்பார். இந்தத் தடவை விரலை நீட்டி இல்லை, ஒவ்வொரு தலையாகத் தொட்டு. கடைசித் தலையில் துண்டு இருக்கும். துண்டை யார் எடுப்பது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள்.

போனில் எழுந்த கூச்சல் எனக்கே கேட்டது. அவள் காதைத் தேய்த்துக்கொண்டாள். "யாரோ டிரைவரோட மச்சானாம். ஊருக்குள்ள இறக்கிவிடச் சொல்லி ஏறிப் படுத்தானாம். டிரைவர் யாருகிட்டயும் சொல்லலையாம். அவரை அடிக்கப் போறாங்க போல." திரும்பப் போனில், "என்னது? ஆமா, இங்க ஒருத்தரு நிக்கிறாரு. உங்க ஆளான்னு எனக்கெப்படித் தெரியும்? அடையாளம் சொல்லுங்க. சும்மா யாரையும் அனுப்ப முடியாது. என் நாற்காலி வரட்டும், அப்புறம்தான் ஆளு."

நான் கையை நீட்டவில்லை. கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. பரீட்சை எழுதியது அவர்களாக இருந்தாலும் வியர்த்தது எனக்கு.

"பூப்போட்ட டவுசரா? அது நானே இங்க ஏழு தொங்கவிட்டிருக்கேன். வேற சொல்லுங்க." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மீசை வெச்சிருப்பாருன்னு ஒருத்தர் சொல்றாரு. இல்லையேப்பா, இவருக்கு மீசை இல்ல." தலையை ஆட்டினாள். "வழுக்கைன்னு ஒருத்தர், இல்லைன்னு ஒருத்தர். அடிச்சுக்கறாங்க. ஒரே நேரத்துல பேசாதீங்கப்பா! உசரமா, குட்டையா? சுமாரான்னா என்ன? எல்லாரும் சுமார்தான்." எனக்காக அவள் கொஞ்சம் வருத்தப்பட ஆரம்பித்தது தெரிந்தது. குரல் இறங்கிவிட்டது. "எத்தனை வருஷமா கூட வேலை பார்க்கறீங்க? அதுக்கு ஒரு அடையாளம்கூடவா தெரியாது?"

மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலி வந்தால் நாற்காலியை வாங்கிக்கொண்டு, என்னையும் ஏற்றி அனுப்பிவிடுவாள். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள், சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைக்கும். அதோடு போகும். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"யாரு, இப்ப பேசறது வேற ஆளா?" என்றாள். "உசரமா இருப்பேன்னு உன்னை யாருப்பா கேட்டா? அவரைப் பத்திச் சொல்லு." கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் நெற்றி மெல்லச் சுருங்கியது. போனைக் காதோடு வைத்தபடியே என் பக்கம் ஒரு அடி வந்தாள்.

"ஒன்பது வருஷமா மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு பார்க்கறானாம். நீங்க எப்பவும் எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பீங்களாம். படியை எண்ணுவீங்களாம், ஜன்னலை எண்ணுவீங்களாம். சத்தம் வராதாம், உதடு மட்டும் அசையுமாம். உங்களுக்கே தெரியாதாம் அது. அதைப் பார்த்துத்தான் இன்னும் எத்தனை படி இருக்குன்னு அவனுக்குத் தெரியுமாம்."

சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கி, உப்பு காய்ந்த விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். அசைந்துகொண்டுதான் இருந்தது.